பைக்குள் போடாத சீட்டு

அன்றைய முதல் சண்டை பூட்ஸில் ஆரம்பித்தது.

வாசலில் எப்போதும் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் கிடக்கும். ஒன்று முழங்கால் வரைக்கும் வரும், உள்ளே துணி வைத்தது. பெரியவள் தன் சொந்தக் காசில் வாங்கியது. இன்னொன்று ஆய்வு நிலையம் கொடுத்தது. அதில் இடது காலின் கட்டைவிரல் பக்கம் சிப்பி கிழித்த ஓட்டை ஒன்று இருந்தது. எத்தனை தடவை ஒட்டுப் போட்டாலும் சேற்றில் இறங்கியதும் அது வாயைப் பிளந்துவிடும்.

சின்னவள் நல்ல ஜோடிக்குள் காலை விட்டுக்கொண்டு நின்றாள்.

"அது என்னோடது," என்றாள் பெரியவள்.

"தெரியும்க்கா. அத்தைதான் போட்டுக்கச் சொன்னாங்க."

இருவருக்கும் மாமியாரான அந்த அத்தை அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "ஆமா, நான்தான் சொன்னேன். அவ இன்னிக்கு படகுல வெளித்திட்டுக்குப் போறா. நீ கரையோரந்தானே? கரைக்கு அந்த ஓட்டை பூட்ஸு போதாதா?"

"கரையோரம்னா சேறு உள்ள வராதா அத்தை?"

"சேத்துலயே வளந்தவ நீ. உனக்கென்ன அது புதுசா?"

அத்தை அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவள் பேச்சே அப்படித்தான், எதையும் யோசித்துச் சொல்கிற பழக்கமே கிடையாது. ஆனால் கத்தி தெரியாமல் பட்டாலும் ரத்தம் ரத்தம்தானே? பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டை பூட்ஸை எடுத்து, உள்ளே ஒரு பாலிதீன் பையைச் சுற்றி, காலை நுழைத்தாள்.

அவள் கணவன் வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தான். ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக். "காலங்காத்தால பூட்ஸுக்கெல்லாமாடி சண்டை?"

"உங்க ஸ்பானரை எவனாவது எடுத்துட்டுப் போனா நீங்க சும்மா இருப்பீங்களா?"

அவன் பிரஷ்ஷை வாயில் இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேரும் ஒரே கடலோர ஆய்வு நிலையத்தில் வேலை பார்ப்பது ஆரம்பத்தில் வீட்டுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சின்னவளின் கணவன் சரக்கு லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். அவன்கூட "ரெண்டு பேரும் ஒண்ணா போய் ஒண்ணா வருவாங்க, எனக்குக் கவலை விட்டுச்சு" என்றான். கவலை எங்கே விட்டது? போன வாரம் அந்த ஒரே ஒரு மட்டி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டது.

நடந்தது இதுதான். வெளித்திட்டில் கிடைக்கும் சின்ன மட்டிகளைப் பெரியவள் வருஷக்கணக்காக ஒரே ஜாதி என்று எண்ணி வந்தாள். மேலே பழுப்பு, உள்ளே வெள்ளை. அளந்து, எழுதி, அடுத்த பையை எடுக்க வேண்டியதுதான். சேர்ந்து ஆறு மாசம் ஆகாத சின்னவள் ஒரு மாலையில் அதில் இரண்டைப் பிளந்து, லென்சுக்குக் கீழே வைத்து, ஓட்டின் இரண்டு பாதியும் பூட்டிக்கொள்கிற இடத்தில் இருக்கும் பல்லைக் காட்டினாள். ஒன்றுக்கு இரண்டு பல். மற்றதற்கு மூன்று.

"இது ரெண்டு ஜாதி மேடம்," என்றாள்.

நிலையத் தலைவி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். சின்னவளின் தோளில் கையை வைத்தார். அந்தக் கை இத்தனை வருஷத்தில் பெரியவளின் தோளில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. நிலையம் தெற்கே ஒரு புது முகத்துவாரத்தில் ஆய்வு தொடங்கப் போகிறது. அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். தனிப் படகு, தனி அறை, சொந்தமாகக் குழு. அந்த இடம் பெரியவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், பெரியவள் உட்பட. இப்போது மேடம் வேறு மாதிரிப் பேசுகிறார். "மூணு பல் மட்டி வெளித்திட்டுல எந்தெந்த இடத்துல இருக்கு, கரையிலயும் இருக்கான்னு பாத்துடுவோம். வெளித்திட்டுல மட்டும்னா அது பெரிய விஷயம். அதுக்கப்புறம் பொறுப்பு யாருக்குன்னு முடிவு பண்ணலாம்."

அதைப் பார்க்கும் நாள் இன்றுதான். அமாவாசையை ஒட்டிய பெரிய வற்று. கடல் இன்று இறங்குகிற அளவுக்கு இந்தப் பருவத்தில் இனி இறங்காது.

*

கரையில் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு கூட்டமாக நின்றார்கள். களப்பயிற்சிக்கு வந்தவர்கள். பாதிப் பேர் படகில் மேடத்தோடும் சின்னவளோடும் போனார்கள். மீதிப் பேர் பெரியவளோடு கரையோரச் சேற்றில்.

"என்ன வெர்னியர் அக்கா, இன்னிக்கு நீங்க கரைப்படையா?" படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

நிலையத்தில் அவளுக்கு அதுதான் பேர். மட்டியை அளக்கிற வெர்னியர் கருவியும் அவளும் ஒன்று என்று எவனோ ஒரு காலத்தில் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய விடமாட்டாள். இன்று வரைக்கும் அந்தப் பேரில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் உண்டு.

"நீங்க படகைப் பாருங்க அண்ணே. போன தடவை மாதிரி மணல்ல ஏத்திட்டு நிக்காதீங்க."

"ஏத்தினா தள்ளத்தான் நீங்க இருந்தீங்களே. இன்னிக்கு யாரு தள்ளுவா?"

படகு போய்விட்டது. நல்ல பூட்ஸ் படகின் ஓரத்தில் இரண்டு கறுப்புத் தூண்களாக நிற்பது வெகுதூரம் வரைக்கும் தெரிந்தது.

பெரியவள் கரையிலிருந்து நீர் விளிம்பு வரைக்கும் கயிற்றை இழுத்துக் கட்டினாள். அதையொட்டி இடைவெளி விட்டு விட்டு இரும்புச் சட்டத்தைச் சேற்றில் அழுத்த வேண்டும். சட்டத்துக்குள் இருக்கிற சேற்றை ஒரு கை ஆழத்துக்குத் தோண்டி, சல்லடையில் போட்டு அலச வேண்டும். சேறு போன பிறகு மிஞ்சுவது மட்டி, நத்தை, விரல் நுனி அளவு நண்டு, புழு. அத்தனையும் பையில் போட வேண்டும். சொல்லும்போது சுலபம். அரைமணி நேரத்தில் இடுப்பு கழன்றுவிடும்.

ஒரு பெண் பையை மூடி டப்பில் போடப் போனாள். பெரியவள் கையைப் பிடித்தாள்.

"சீட்டு உள்ள போச்சா?"

"வெளியில எழுதிட்டேனே மிஸ். மார்க்கர்ல."

"வெளியில எழுதி என்ன பிரயோஜனம்? இது கெடாம இருக்கணும்னு சாயங்காலம் ஸ்பிரிட்டுக்குள்ள போகும். ஸ்பிரிட் பட்டா மார்க்கர் எழுத்து நிக்குமா? கரைஞ்சு ஓடிடும். அப்புறம் இந்த மட்டி எந்த இடத்து மட்டின்னு அதுகிட்டயே கேப்பியா? கெட்டித்தாளைக் கிழி, பென்சில்ல எழுது, உள்ள போடு. பென்சில் எழுத்தை ஸ்பிரிட் ஒண்ணும் பண்ணாது."

"ரெண்டு தடவை எழுதணுமா மிஸ்?"

"இடம் தெரியாத மட்டி வெறும் மட்டி. சந்தையில விக்கலாம், ஆராய்ச்சிக்கு ஆகாது. எழுது."

அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். பெரியவளின் இடது பூட்ஸுக்குள் சேறு போய் பாலிதீன் பை சளசளத்தது. இந்தச் சேறு அவளுக்குப் புதுசில்லைதான். அவளும் அவள் அம்மாவும் மட்டி ஓட்டைக் கூடை கூடையாகச் சுண்ணாம்புச் சூளைக்குச் சுமந்தவர்கள். தோளில் ஓடு அறுத்த தழும்பு இப்போதும் இருக்கிறது. அதற்குப் பிறகு இங்கே எண்ணுகிற வேலைக்கு வந்து, மாலை வகுப்பில் டிப்ளமோ படித்து, இந்த இடத்துக்கு வந்தாள். சின்னவள் முதுகலை முடித்து, ஏசி பஸ்ஸில் வந்து இறங்கி, கடலைப் பார்த்து "ஐயோ எவ்ளோ அழகு" என்றவள். பெரியவளுக்கு அந்த அழகு ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. தோளில் மூட்டை இருந்தால் யாரால் நிமிர்ந்து பார்க்க முடியும்?

வெயில் ஏறும் நேரத்தில் படகு திரும்பி வந்தது. படகுக்காரர் மட்டும்.

"அவங்க சல்லடை கிழிஞ்சு போச்சாம். உங்ககிட்ட இருக்கிற இன்னொண்ணை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. உங்களையும்தான்."

*

வெளித்திட்டு கடலுக்கு நடுவில் ஒரு திமிங்கிலத்தின் முதுகு மாதிரி எழும்பிக் கிடந்தது. வருஷத்தில் சில நாள்தான் அது இப்படி முழுசாக வெளியே வரும்.

பெரியவள் இறங்கும்போது ஓடையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையை இரண்டு பையன்கள், மறுமுனையைச் சின்னவள். இடுப்பு வரைக்கும் தண்ணீர், முகமெல்லாம் சேறு. வலையைத் தட்டில் கொட்டியதும் பிள்ளைகள் ஈ மொய்க்கிற மாதிரி சூழ்ந்துகொண்டார்கள்.

"சீக்கிரம், சீக்கிரம், உயிரோட அளந்து உயிரோட விடணும்! இது மடவை மீன் குஞ்சு. மூக்குலேர்ந்து வால் பிளவு வரைக்கும் அளக்கணும், வால் நுனி வரைக்கும் இல்ல. யாரு எழுதறது? சத்தமா சொல்லு, காத்து அடிக்குது!"

"மிஸ், நண்டு கடிக்குது மிஸ்!"

"நீ அதைக் கடிக்காத வரைக்கும் சரி!"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவள் நினைத்துப் பார்த்தாள். அவள் கூட்டம் காலையிலிருந்து ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அவள் சொல்லித் தருவது அத்தனையும் சரிதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் நாளைக்கு யாரை நினைத்துக்கொள்வார்கள்?

வயிறு எரிந்தது. பசி என்று சொல்லிக்கொள்ள முடியாத எரிச்சல்.

சல்லடையை வைக்கப் போன இடத்தில்தான் அந்த டப்பைப் பார்த்தாள். பை பையாக மட்டிகள். ஒவ்வொரு பையின் மேலும் மார்க்கரில் கொட்டை எழுத்து, முத்து முத்தாக. கயிற்றில் எந்த இடம், எத்தனாவது சட்டம், எல்லாம் இருந்தது.

ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே சீட்டு இல்லை.

இன்னொன்று. இல்லை.

டப்புக்கு அடியில் கெட்டித்தாள் கட்டு கிடந்தது. நிலையத்தில் சுற்றிய ரப்பர் பேண்ட்கூட அவிழவில்லை.

பெரியவள் வாயைத் திறந்தாள். "ஏ சின்னவளே, சீட்டு..." என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது. அதில் அவள் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை.

அப்போது மேடம் பின்னாலிருந்து வந்தார். டப்பை எட்டிப் பார்த்தார். "பாத்தியா, என்ன அழகான கையெழுத்து! உன் கூட்டம் இன்னும் பாதிகூட முடிக்கலை, இவ இங்க சல்லடை கிழியறதுக்கு முன்னாடியே ஒரு கயிறு முழுக்க முடிச்சுட்டா. உள்ளே சீட்டு, வெளியே எழுத்துன்னு எல்லாம் பக்காவா இருக்கும். சும்மா சொல்லக் கூடாது, இவ ஒரு தனி ரகம்."

உள்ளே சீட்டு இருக்கிறது என்று மேடமே நினைத்துக்கொண்டார். திறந்து பார்க்கவில்லை.

பெரியவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமா மேடம்," என்றாள். "தனி ரகம்தான்."

*

பைகளுக்கு ஸ்பிரிட் ஊற்றுவது எப்போதும் அவள் வேலை. வேறு யாரையும் அவள் விட்டதில்லை. ஒருத்தன் குறைத்து ஊற்றுவான், ஒருத்தி பாதியைத் தரையில் ஊற்றுவாள்.

நிலையத்தின் பின்னறையில் இரண்டு டப்புகளும் மேசை மேல் இருந்தன. பிள்ளைகள் குளிக்கப் போயிருந்தார்கள். சின்னவள் வலையை அலசப் போயிருந்தாள். ஜன்னல் வழியாகத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

முதலில் தன் டப்பை முடித்தாள். பிறகு மற்றதை இழுத்தாள்.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. வெளியே எழுத்து அப்படியே இருக்கிறது. பார்த்துப் பார்த்துச் சீட்டில் எழுதி உள்ளே போட்டால் அரைமணி நேர வேலை. யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை. பெரியவள் கெட்டித்தாள் கட்டை அவிழ்த்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். முதல் பையைத் திருப்பினாள்.

ஓரத்தில், வேறு கையெழுத்தில், ஏதோ ஒரு பிள்ளை குறும்பாக எழுதியிருந்தது: "மிஸ் மட்டி, 4."

அடுத்த பையில்: "மிஸ் மட்டி, 7." பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி ஒன்று.

மூன்று பல் மட்டிக்குப் பேர் வைத்துவிட்டார்கள். சின்னவள் பேரில். வருஷக்கணக்காக இதே மட்டியைத் தோண்டியவள், அளந்தவள், இதே மேசையில் கண் பூத்துப்போகும் வரைக்கும் எண்ணியவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் பேரில் மட்டி இல்லை. அவளுக்குத்தான் ஒரு கருவியின் பேர் இருக்கிறதே, போதாதா?

பென்சிலைக் கீழே வைத்தாள்.

ஸ்பிரிட் கேனின் மூடியைத் திருகினாள்.

முதல் பைக்கு ஊற்றினாள். பையின் வாயில் கொஞ்சம் வழிந்து மேலே பட்டது. கறுப்பு எழுத்து முதலில் வீங்கியது, பிறகு கண்ணீரில் கலைந்த மை மாதிரி கீழே இறங்கியது. "மிஸ்" போனது. "மட்டி" போனது. இடம் போனது. அடுத்த பையை எடுக்கும்போது விரலெல்லாம் கறுப்பு. டப்பின் அடியில் தேங்கிய ஸ்பிரிட்டில் மீதிப் பைகள் ஒன்றோடொன்று உரசி, மிச்ச எழுத்தையும் தாங்களே துடைத்துக்கொண்டன.

கடைசிப் பை முடிந்து நிமிர்ந்தபோதுதான் சுவரில் இருந்த வரைபடம் கண்ணில் பட்டது.

வெளித்திட்டின் வரைபடம். எந்த வருஷம் எந்த இடத்தில் எத்தனை மட்டி என்று வருஷத்துக்கு ஒரு கோடு. அத்தனை கோடும் அவள் கையால் இழுத்தது. முதல் கோட்டை இழுத்த வருஷம் ஸ்கேலைப் பிடிக்கக்கூட அவளுக்குச் சரியாக வராது, கோணலாக இருக்கும். அதையும் மேடம் அழிக்க விடவில்லை. "அது உன் கோடு, இருக்கட்டும்" என்றார்.

இந்த வருஷக் கோட்டுக்கான பைகள்தான் இப்போது மேசையில் பேரில்லாமல் கிடந்தன.

சின்னவள் வீட்டில் கல்லெறிகிறோம் என்று நினைத்து, சொந்தக் கூரையையே பிரித்துப் போட்டிருக்கிறாள்.

*

அளக்க உட்கார்ந்தபோது சின்னவள்தான் டப்பைத் திறந்தாள்.

"எழுத்து எங்க?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு பையை எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள். பிறகு இரண்டு கையாலும் வாரினாள். "எழுத்து எங்க போச்சு?"

பிள்ளைகள் கூடினார்கள். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

"உள்ளே சீட்டு இருக்கும்ல, அதைப் பாரு."

"சீட்டு போடலை மேடம்."

"எதுலயுமா?"

"எதுலயும் போடலை. மார்க்கர் நிக்கும்னு நெனச்சேன். எங்க காலேஜ்ல ஐஸ்லதான் வைப்போம். ஸ்பிரிட்ல வச்சதே இல்ல. தப்பு என்னோடதுதான்."

அழவில்லை. மழுப்பவில்லை. யார் தலையிலும் தூக்கிப் போடவில்லை. அந்த நிமிர்வைப் பார்த்தும் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. மாட்டிக்கொண்டு நிற்கும்போதுகூட இவள் எப்படி இவ்வளவு நன்றாக நிற்கிறாள்? காலையிலிருந்து காத்திருந்த சந்தோஷம் வரவேண்டிய இடம் இது. நாக்கில் ஸ்பிரிட் வாடைதான் வந்தது.

மேடம் ஒரு பையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மட்டிகள் உள்ளே அழகாகத்தான் கிடந்தன. வெளித்திட்டில் எந்த இடத்திலிருந்து வந்தன என்று சொல்ல அவற்றுக்கு வாயில்லை.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்றார் மேடம்.

*

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் இன்னும் வெயில் மிச்சமிருந்தது. சின்னவள் குழாயடியில் குந்தி நல்ல பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியவள் ஓட்டை பூட்ஸிலிருந்து சேற்றைக் கொட்டினாள். ஒரு குட்டி நண்டு வெளியே ஓடியது. இருவரும் அதையே பார்த்தார்கள். வேறு எதைப் பார்ப்பது?

"நாளைக்கும் தண்ணி இறங்கும்," என்றாள் பெரியவள். "இன்னிக்கு அளவுக்கு இறங்காது. வெளித்திட்டுல பாதி மேல வரும். மீதியை முழங்கால் தண்ணியில நின்னு தடவித் தோண்டணும். முடியும்."

"நீங்க வர்றீங்களா?"

"அது என் கோடும்தான்."

சின்னவள் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. எவ்வளவு தேய்த்தும் அங்கே மட்டும் போகவில்லை.

"ஸ்பிரிட் ஊத்தினது நீங்கதானேக்கா?"

"எப்பவும் நான்தானே ஊத்தறேன்."

"எழுத்து கரையறது தெரியலையா?"

பெரியவள் பூட்ஸைத் தலைகீழாகத் தட்டினாள். இரண்டு தடவை. மூன்று தடவை. அதில் இனி விழ ஒன்றுமில்லை.

"சீட்டை எங்க போடணும்னு நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கக் கூடாதுன்னுதான் கேக்கலை!" சின்னவள் பிரஷ்ஷைத் தொட்டியில் எறிந்தாள். "வந்த நாள்லேர்ந்து எதைக் கேட்டாலும் 'வெர்னியர் அக்காவைக் கேளு', 'வெர்னியர் அக்காவைக் கேளு'. சட்டம் எங்க இருக்கு? அக்காவைக் கேளு. தண்ணி எப்ப இறங்கும்? அக்காவைக் கேளு. படகுக்காரர்கூட என்னை 'அக்கா வீட்டுப் பொண்ணு'ன்னுதான் கூப்பிடறாரு. எனக்குன்னு ஒரு பேர் கிடையாதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்களைக் கேக்காம ஒரு வேலையை முழுசா முடிக்கணும்னு நெனச்சேன். எரியறது உங்களுக்கு மட்டும்னு நெனச்சீங்களா?"

தன் வயிற்றில் இருக்கிற அதே நெருப்பு எதிர்வீட்டு அடுப்பிலும் எரிகிறது என்று யாராவது சொன்னால், சூடு குறையுமா, கூடுமா?

உள்ளேயிருந்து அத்தை வந்தாள். கையில் சின்னவளின் போன். அதை உடம்பிலிருந்து தள்ளி, சூடான பாத்திரம் மாதிரிப் பிடித்திருந்தாள்.

"இது ரூம்ல அடிச்சுக்கிட்டே கிடக்குதேன்னு எடுத்துட்டேன். உங்க மேடமாம். பெரியவகிட்ட குடுக்கச் சொல்றாங்க. உன் போனுக்கு அடிச்சாங்களாம் பெரியவளே, நீ எடுக்கலையாம்."

சின்னவள் எழுந்தாள். அத்தையிடமிருந்து போனை வாங்கினாள். ஒரு விநாடி தன் காதுக்குக் கொண்டு போவாள் போலிருந்தது. பிறகு பெரியவளிடம் நீட்டினாள். கண்ணை எடுக்கவில்லை.

"மேடம்."

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றார் மேடம். "ஊத்தறதுக்கு முன்னாடி சீட்டு இருக்கான்னு பாப்பியே. அந்த டப்புல பாத்தியா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பார்க்கவில்லை என்று சொல்லலாம். மறந்துவிட்டேன், களைப்பு, பிள்ளைகள் சத்தம் என்று ஆயிரம் சொல்லலாம். மேடம் நம்பிவிடுவார். ஆனால் அப்படிச் சொன்னால் வெர்னியர் அக்கா பார்க்காமல் ஊற்றினாள் என்று ஆகும். இத்தனை வருஷத்தில் அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பார்த்தேன் என்றால்? நல்லவள் என்ற பேர் போகும். பார்க்கவில்லை என்றால் தொழில் சுத்தம் போகும். அதோடு எதிரே ஈரக் கையோடு நிற்கிறவளுக்கு எல்லாம் தெரியும். இன்றில்லாவிட்டால் நாளைக் காலையில் அவள் சொல்வாள், இன்று நிலையத்தில் சொன்ன மாதிரியே நேராக நின்று சொல்வாள். அந்த ஒன்றிலாவது அவளை முந்த விடக் கூடாது.

"பாத்தேன் மேடம்," என்றாள் பெரியவள். "சீட்டு இல்லைன்னு வெளித்திட்டுலயே பாத்துட்டேன். தெரிஞ்சேதான் ஊத்தினேன்."

சின்னவளின் கையிலிருந்த பூட்ஸ் தொட்டித் தண்ணீரில் நழுவி விழுந்தது.

மறுமுனையில் மேடம் சுருக்கமாக ஏதோ சொன்னார். பெரியவள் "சரி மேடம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன சொல்றாங்க?" அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"விடியறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் வரச் சொல்றாங்க."

"படகுக்கா?"

"அதைச் சொல்லலை."

அத்தை ஒருத்தியைப் பார்த்தாள், மற்றவளைப் பார்த்தாள். ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று புரிந்தது, என்னவென்று புரியவில்லை. கடைசியில் தனக்குப் புரிந்த ஒரே விஷயத்தைக் கேட்டாள்.

"அப்ப அந்த நல்ல பூட்ஸு நாளைக்கு யாருக்கு?"

சின்னவள் தொட்டிக்குள் கையை விட்டு பூட்ஸை எடுத்தாள். உள்ளே நிறைந்திருந்த தண்ணீரைக் கொட்டினாள். ஒன்றைத் தன் பக்கத்துச் சுவரில் கவிழ்த்தாள். மற்றதைப் பெரியவளின் பக்கம் கவிழ்த்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.